படைப்பின் தூண்கள்: ஹப்பிளா, வெப்பா?

பாலக்கோடு பள்ளி நூலகச் சுவரில் ஒரே ஒரு படம்தான் மாட்ட முடியும் என்றால் எதை மாட்டலாம்? ஹப்பிள், வெப் என்ற விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த படங்கள் இரண்டிலும் இருப்பது, சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவிலுள்ள கழுகு நெபுலா என்னும் வாயு, தூசு மேகத்தின் அதே தூண்கள்தான். ஹப்பிள் 1995-இல் எடுத்த படத்தில் தூசு கெட்டியாக எழும்பி நிற்கிறது. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

வெப் 2022-இல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்ததோ தூசுக்குள்ளேயே ஊடுருவிப் பார்க்கிறது. தூண்களை ஒட்டிச் செக்கச்செவேலென்று சில பொட்டுகள் தெரியும். அவை புதிதாய்ப் பிறந்த நட்சத்திரங்கள். விளிம்பில் எரிமலைக் குழம்புபோல் நெளியும் சிவப்போ, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நட்சத்திரங்கள் பீய்ச்சுவது. அதைப் பார்த்தபின் என் ஓட்டு வெப்புக்கே. ஆனால் ஃப்ளெக்ஸில் அடித்தால் பொட்டெல்லாம் மங்கிவிடும். தர்மபுரியில் நல்ல போட்டோ பேப்பரில் அடித்து வாங்குங்கள். முடியாவிட்டால் ஹப்பிள் படமே சரி.