ஒரே வருஷம், இரண்டு ஓட்டு: சுவிட்சர்லாந்தின் சம்பளக் கணக்கு

பெரிய அதிகாரிகளின் சம்பளத்துக்குச் சட்டத்தால் கடிவாளம் போடலாமா என்று மக்களிடமே நேராகக் கேட்ட நாடு சுவிட்சர்லாந்து. அதுவும் 2013இல் இரண்டு முறை. மார்ச் 3 அன்று கேட்டபோது சுமார் 68 சதவீதம் பேர் 'சரி' என்றார்கள். நவம்பர் 24 அன்று 65 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். கேள்விகள் வேறு.

மார்ச் மாதக் கேள்வியைக் கொண்டுவந்தவர் தாமஸ் மிண்டர், பற்பசை தயாரிக்கும் ஒரு சிறு கம்பெனியின் முதலாளி. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களில் மேல்மட்டச் சம்பளத்தைப் பங்குதாரர்கள் ஆண்டுதோறும் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். சேரும்போது ஒரு பணப்பெட்டி, போகும்போது ஒரு பணப்பெட்டி என்ற வழக்கமே கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை. ஓட்டெடுப்புக்குச் சில வாரம் முன்புதான் இன்னொரு செய்தி வெடித்தது. நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் தலைவர் டேனியல் வசெல்லா பதவி விலகிய பிறகு போட்டி நிறுவனங்களுக்குப் போகாமல் இருக்க 7.2 கோடி பிராங்க் வரை தருவதாக ஒப்பந்தமாம்! ஊரே கொதித்தது, ஒப்பந்தம் ரத்தானது. மிண்டருக்கு அதைவிட நல்ல பிரசாரம் கிடைத்திருக்காது.

நவம்பரில் இளம் சோஷலிஸ்டுகள் கேட்டது நிஜமான உச்சவரம்பு, 1:12. ஒரு கம்பெனியில் கடைசி ஊழியர் வருஷம் முழுக்க வாங்குவதை முதல் ஆள் ஒரு மாதத்தில் வாங்கலாம், அதற்கு மேல் கூடாது. கேட்க அழகான கணக்கு. ஆனால் கூட்டிப் பெருக்குகிறவரை ஒப்பந்தக் கம்பெனிக்கு மாற்றிவிட்டால் விகிதம் தானாக இறங்கிவிடுமே! அவர் சம்பளம் ஒரு பைசா ஏறாது. நில உச்சவரம்பு வந்தபோது பினாமி பெயர்கள் முளைத்ததைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. சுவிஸ் எதிர்ப்பாளர்களின் பெரிய வாதம் வேறு: அங்கே முதியோர் ஓய்வூதிய நிதிக்கான சந்தாவுக்கு உச்சவரம்பு கிடையாது, பெருஞ்சம்பளம் குறைந்தால் நிதியும் குறையும்.

சரி, ஜெயித்த மிண்டர் வழி என்ன சாதித்தது? பெட்டி கொடுப்பதைத் தடுத்தது, சம்பளத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. யுபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகி செர்ஜியோ எர்மோட்டி 2023இல் ஒன்பது மாதத்துக்கு 1.44 கோடி பிராங்க் வாங்கினார். லாபம் வரும்வரை பங்குதாரர் எதற்குக் கோபப்படப் போகிறார்?

இந்தியாவிலும் வரம்பு உண்டு, பலருக்குத் தெரியாது. 2013 கம்பெனிச் சட்டம் 197ஆம் பிரிவின்படி பொது நிறுவன இயக்குநர்கள், மேலாளருக்கான மொத்த ஊதியம் நிகர லாபத்தில் 11 சதவீதம்தான். பங்குதாரர் கூட்டம் ஒப்புக்கொண்டால் தாண்டலாம். அப்புறம் வரம்பு எங்கே?

மூன்றாவது வழி வரி. 1973-74இல் இங்கே உச்ச வருமான வரி 97.75 சதவீதம் வரை இருந்தது. அந்த அளவுக்குப் போனால் கணக்கில் காட்டாமல் ஒளிக்கத்தான் தோன்றும். ஆனாலும் என் ஓட்டு, மிதமாக வைத்தால், வரிக்குத்தான். சம்பளத்தோடு ஈவுத்தொகையையும் பங்கு லாபத்தையும் சேர்த்துப் பிடிக்கிற வரிக்கு. முகேஷ் அம்பானி 2008-09 முதல் பல ஆண்டுகள் 15 கோடி ரூபாயோடு சம்பளத்தை நிறுத்திக்கொண்டார். 2020-21இலிருந்து அதுவும் வாங்குவதில்லை. 1:12 விதியை அவர் மீறவே முடியாது.