கனடா ஸ்காபரோவில ரெண்டு நாள் வேட்டை வகுப்பு: காசு குடுத்துப் போகலாமா?

போகலாம். ஆனா குறி பாத்துச் சுடப் பழகலாம் எண்டு நினைக்கிறவை போகாதேங்கோ. ரெண்டு நாளும் ஒரு வெடிகூட வைக்கேல்லை.

நான் முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் ஆள். அப்புவின்ர இடியனை, அதுதான் மருந்து இடிச்சு வெடி வைக்கிற நாட்டுத் துவக்கை, பத்து வயசில தூக்கப் போய்க் காலில போட்டவன். இவங்கள் எனக்கு என்னத்தைப் படிப்பிக்கப் போறாங்கள் எண்ட எண்ணத்தோடதான் சனிக்கிழமை விடிய எட்டு மணிக்குப் போனனான். கட்டணம் எனக்கு வெயர்ஹவுசில ரெண்டு நாள் ஓவர்டைம் காசு. இருபது பேர் வரை இருந்தினம். தமிழாக்கள் நானும், மார்க்கம் பக்கத்துத் தம்பி ஒருத்தனும்.

முதல் நாள் துவக்குப் பாதுகாப்பு. மேசையில துவக்குகள், டம்மி ரவைகள். குழாயை எந்தப் பக்கம் பிடிக்கிறது, வேலி கடக்கேக்க எப்பிடி வெறுமையாக்கிறது எண்டு திரும்பத் திரும்பச் செய்யவைச்சினம். எழுத்திலயும் செய்முறையிலயும் 80 வீதம் எடுக்கவேணும். பாஸ் பண்ணினாலும் முதல்தரம் துவக்கு லைசென்சுக்குப் போடுற ஆள் குறைஞ்சது 28 நாள் காத்திருக்கவேணும். இதில எனக்குக் குறை ஒண்டுமில்லை. படிப்பிச்சவர் அறுபது தாண்டின மனுசன், பொறுமையான ஆள். என்ர விரல் ரெண்டு தரம் விசையில போனதைக் கண்டு ரெண்டு தரமும் மெதுவாத் தட்டிவிட்டார். இடியன் பழக்கம்!

காசுக்குப் பெறுமதி ரெண்டாம் நாள்தான். அண்டைக்கு மனுசன் சுவரில ஒரு படம் போட்டார். மரத்தில சிவப்புச் சாயத்தில ஒரு வட்டம், 10 சென்றிமீற்றர் அகலம். அவ்வளவுதான். போர்டும் இல்லை, எழுத்தும் இல்லை. அது உள்ளுக்கு வராதே எண்ட அர்த்தமாம். மஞ்சள் வட்டமெண்டா காணிக்காரன் விட்ட சில அலுவலுக்கு மட்டும் போகலாம். போன வருசம் லின்ட்சே பக்கம் காளான் பாக்கப் போகேக்க இப்பிடிச் சிவப்பு வட்டத்தைக் கண்டு, மரம் தறிக்க அடையாளம் வைச்சிருக்கினம் எண்டு மனிசிக்கு விளக்கம் சொன்னவன் நான்.

வட்டமும் இல்லாட்டி? அப்பவும் சும்மா போகேலாது. வேலி அடைச்ச காணி, பயிர் வைச்ச வயல், பழத்தோட்டம், சராசரி ரெண்டு மீற்றருக்கு மேல வளராத நட்ட கண்டுகள் நிக்கிற இடம், கமக்காரன்ர காணிக்குள்ள இருக்கிற பத்தை, இதுகளுக்குள்ள போக அனுமதி வேணும். மீறினால் தண்டம் 10,000 டொலர் வரைக்கும் போகலாம். எங்கட ஊரில காடெண்டா ஆற்றையும் இல்லை. காட்டு மிருகங்களைப் பாதுகாக்க 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கெண்டு கேள்விப்பட்டதோட சரி.

பிறகு காணிக்காரற்ற பொறுப்பைப் பற்றிக் கதைச்சார். காசு வாங்காமல் வேட்டைக்கு விட்டால், உள்ளுக்கு வாறவன் தன்ர ஆபத்தைத் தானே ஏற்கிறான் எண்டுதான் பொதுவாச் சட்டம் எடுக்குமாம். ஆனா வேணுமெண்டு ஆபத்தை உண்டாக்கி வைக்கக்கூடாது. கண்ணி வைச்சு ஆளைக் காயப்படுத்தினால் அது குற்றவியல் சட்டத்துக்குப் போயிடும். எனக்கு உடன கட்டுத்துவக்குதான் ஞாபகம் வந்தது, கயிறு தட்டுப்பட்டால் தானா வெடிக்கிற பொறி. எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணை, பன்றிக்கெண்டு ஆரோ மரவள்ளித் தோட்டத்தில கட்டினதில முழங்காலுக்குக் கீழ இழந்தவர். கட்டினவரை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இரவில ஏன் அதால போனாய் எண்டு அண்ணையைத்தான் கேட்டவை.

பன்றி எண்டதும் நான் கை உயர்த்தி, பன்றிக்கு சீசன் எப்ப எண்டு கேட்டன். இஞ்ச ஒன்ராறியோவில காட்டுப்பன்றி வேட்டைக்கு அனுமதி இல்லையாம், கண்டால் அறிவிக்கவேணுமாம். சுட்டால் கூட்டம் சிதறி நாலு இடத்தில பெருகும் எண்டதுதான் காரணம். மார்க்கம் தம்பிக்கு நம்பிக்கை வரேல்லை. எனக்கு வந்தது. அப்பு வெடி வைச்ச பட்டி அடுத்த மாசம் எங்கட பக்கம் தலை காட்டாது, அடுத்த ஊர்க்காரன்ர கச்சான் தோட்டத்துக்குள்ள நிக்கும்.

மானைப் பற்றியும் ஒண்டு குறிச்சுக்கொள்ளுங்கோ. டாக் (மான் சுடுறதுக்கான அனுமதிச் சீட்டு) எடுத்தால், போகாட்டிலும் ஒண்டும் விழாட்டிலும் கணக்குக் குடுக்கவேணும். இறைச்சியைச் சொந்தக்காரருக்குக் குடுக்கலாம், விக்கேலாது. வத்தல் போட்டுக் கடையில குடுக்கிற யோசனை இருந்தால் விட்டிடுங்கோ.

இனிக் குறை. காணிக்காரனிட்டைக் கேட்டு அனுமதி எடு எண்டு பத்துத் தரம் சொல்லிச்சினம். எப்பிடிக் கேக்கிறது எண்டு ஒருத்தரும் காட்டேல்லை. என்னைப்போல நிறமும் உச்சரிப்பும் உள்ளவன், முன்பின் தெரியாத கமக்காரன்ர கதவைத் தட்டி "துவக்கோட வரலாமோ" எண்டு கேக்கிறது லேசான வேலையே? முதற்குடி மக்களுக்கு அரசோட செய்த பழைய உடன்படிக்கைகளால இருக்கிற வேட்டை உரிமைகளுக்கு அஞ்சே அஞ்சு நிமிசம். அதுவும் சாப்பாட்டுக்கு முன்னம், பாதிப்பேர் வாசலைப் பாத்துக்கொண்டிருக்கேக்க.

கதவு தட்டினதைச் சொல்லுறன், ஆருக்கும் உதவும். ஓகஸ்ட்டில, சீசனுக்கு முன்னம், பீற்றர்பரோ பக்கம் போனன். துவக்கு இல்லை, பச்சைப் புள்ளி உடுப்பு இல்லை, பகல் பதினொரு மணி. மூண்டு வீட்டில "நோ". நாலாவதில ஒரு வயசான அம்மா. நாயைப் பிடிச்சுக்கொண்டு கார் நம்பரை எழுதினா, என்ர வேட்டைக் கார்டை வடிவாப் பாத்தா. பிறகு நிபந்தனை: வாற அண்டு விடிய ஃபோன் எடுக்கவேணும், படலையைத் திறந்தால் பூட்டவேணும், குதிரை லாயப் பக்கம் குழாய் திரும்பக்கூடாது, நீ மட்டும்தான், மச்சான்மாரைக் கூட்டி வரக்கூடாது. எல்லாத்தையும் ஒரு தாளில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சம். அடுத்தமுறை போகேக்க மனிசி சுட்ட கேக் கொண்டு போனன். நாய்க்குத்தான் பிடிச்சது.

சட்டையையும் சொல்லவேணும். துவக்கு வேட்டைக் காலத்தில தோடம்பழ நிற மேலுடுப்பு 400 சதுர அங்குலம், இடுப்புக்கு மேல எல்லாப் பக்கமும் தெரியவேணும், தலைக்கும் அதே நிறம். புள்ளி போட்ட தோடம்பழ நிறம் கணக்கில்லை. நான் அதைத்தான் வாங்கிவைச்சிருந்தனான், 60 டொலர் வீண்.

அஞ்சுக்கு நாலு போடுறன். குளிர் காலத்து வகுப்புக்குப் பதியிறவை தடிச்ச காலுறை ரெண்டு சோடி கொண்டு போங்கோ. அந்த மண்டபத்தில ஹீட்டர் மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை செய்யும்.