தோற்கும் அணியின் உபரிக் காசு: எங்கே போட்டால் திரும்பி வரும்?

2013-ல் அமெரிக்க பேஸ்பால் அணியான ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் சீசனைத் தொடங்கியபோது, மொத்த அணியின் சம்பளமும் சேர்ந்து சுமார் 2.6 கோடி டாலர்தான். அதே வருடம் நியூயார்க் யாங்கீஸில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் என்ற ஒரே ஆளுக்கு ஒப்பந்தப்படி 2.8 கோடி. ஆஸ்ட்ரோஸ் அந்த சீசனில் 111 ஆட்டங்கள் தோற்றது. செப்டம்பரில் ஒரு ஆட்டத்துக்கு ஹூஸ்டனில் டிவி ரேட்டிங் 0.0 என்று வந்தது. ஆனால் 2017-ல் அதே அணி வேர்ல்ட் சீரிஸை வென்றது. (அந்தக் கோப்பையோடு ஒட்டிக்கொண்ட, எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரத்தை இங்கே இழுக்கவில்லை.)

இதைப் பார்த்த பல ஓனர்களுக்கு மனசுக்குப் பிடித்த ஒரு முடிவு கிடைத்துவிட்டது: அணியைக் கலைத்துக் கட்டும்போது காசை இறுக்கிப் பிடி, தோற்றுக்கொண்டே இரு, டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு; கீழே இருக்கும் அணிக்கு முன்னுரிமை) நல்ல பையன்கள் வருவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதே வருடங்களில் அதே வேலையில் இறங்கிய சிகாகோ கப்ஸ், கையிலிருந்த பணத்தைப் பல வழிகளில் போட்டுப் பார்த்தது. சிலது பலித்தது, சிலது கையைச் சுட்டது. அவர்களும் ஜெயித்தார்கள், அதுவும் ஒரு வருடம் முன்னால், 2016-லேயே.

கிரிக்கெட் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். ஐபிஎல் ஏலம்போல எல்லா அணிக்கும் ஒரே தொகை என்ற கட்டுப்பாடு மேஜர் லீக் பேஸ்பாலில் கிடையாது. ஒரு வரம்பைத் தாண்டினால் வரி, அவ்வளவுதான். மேஜர் லீகுக்கு வந்த இளம் வீரர் ஆறு வருட சேவை முடியும்வரை அணியின் பிடியில் இருப்பார். அதில் முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே வாங்குவார். மூத்த நட்சத்திரங்களை விற்றுவிட்டுப் பையன்களை இறக்கினால் வருடத்துக்குச் சில கோடி டாலர் தானாகவே மிஞ்சும். அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

சேமித்து வைத்துப் பின்னாளில் டிராஃப்டில் போடலாமே என்பார்கள். போட முடியாது. 2012 முதல் ஒவ்வொரு அணியும் டிராஃப்ட் வீரர்களுக்கு எவ்வளவு போனஸ் தரலாம் என்று லீகே கணக்கு வைத்திருக்கிறது. ஐந்து சதவீதத்துக்கு மேல் மீறினால் அடுத்த முதல் சுற்று வாய்ப்பே பறிபோகும். ஆஸ்ட்ரோஸ் 2012-ல் செய்த சாமர்த்தியத்தைப் பாருங்கள். முதல் தேர்வான கார்லோஸ் கொரேயாவுக்கு நிர்ணயிக்கப்பட்டது சுமார் 72 லட்சம் டாலர். 48 லட்சத்துக்கு முடித்தார்கள். மிஞ்சியதைக் கொண்டு 41-வது தேர்வான லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஜூனியருக்கு 25 லட்சம் கொடுத்து வளைத்தார்கள். அது டிராஃப்ட் கணக்குக்குள்ளேயே நடந்த சிக்கனம். பெரிய அணியின் சம்பளத்தை 2.6 கோடிக்குச் சுருக்கியதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செலவழிக்காத டாலர் ஓனரிடம்தான் போய்ச் சேர்கிறது.

வெளிநாட்டு இளைஞர்களில் போடும் வழி ஒரு காலத்தில் அருமையாக இருந்தது. 2012 ஜூனில் கியூபாவின் ஹோர்ஹே சொலேருக்கு ஒன்பது வருடத்துக்கு 3 கோடி டாலர் கொடுத்தது கப்ஸ். வெளிநாட்டு இளைஞர்களுக்குச் செலவழிப்பதற்கான புதிய வரம்பு அமலுக்கு வரச் சில வாரங்களே பாக்கி. வரம்பு வந்த பிறகும் 2013-ல் அதை மீறி, அபராதம் கட்டி, கிளேபர் டோரஸையும் எலோய் ஹிமேனஸையும் பிடித்தார்கள். டோரஸை முக்கியமாகக் கொடுத்துத்தான் 2016 ஜூலையில் பந்து வீச்சாளர் அரோல்டிஸ் சாப்மனை வாங்கினார்கள். ஆனால் 2016 டிசம்பர் தொழிலாளர் ஒப்பந்தத்தோடு மீறவே முடியாத உச்சவரம்பு வந்து இந்தக் கதவு அடைபட்டது.

இன்று திறந்திருக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுக்கும் பிட்சர் (பந்து வீசுபவர்). 2012 நவம்பரில் கப்ஸ், ஸ்காட் ஃபெல்ட்மனை 60 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த வருடம் டெக்சஸில் அவர் பெயரில் 6 வெற்றி, 11 தோல்வி (பேஸ்பாலில் ஆட்ட முடிவு பிட்சர் பெயரில் பதிவாகும்). யாரும் அடித்துக்கொண்டு வாங்கும் சரக்கு அல்ல. சிகாகோவில் 15 ஆட்டங்களைத் தொடங்கி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.46 ரன் விட்டுக்கொடுத்த சராசரியில் ஒழுங்காக வீசினார். பிளே ஆஃப் பந்தயத்தில் இருந்த பால்டிமோருக்கு பிட்சர் தேவைப்பட்டது. 2013 ஜூலை 2 அன்று ஃபெல்ட்மனையும் ஒரு மாற்று கேட்ச்சரையும் அனுப்பிவிட்டு ஜேக் அரியெட்டா, பெட்ரோ ஸ்ட்ராப் இருவரையும் வாங்கினார்கள். அரியெட்டா அப்போது பால்டிமோரில் நிலைக்க முடியாமல் கீழ்நிலை மைனர் லீகுக்கும் மேஜர் லீகுக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தார். அந்த வருடச் சராசரி ஏழுக்கும் மேல். 2015-ல் அதே மனிதர் 22 வெற்றி, 6 தோல்வி, சராசரி 1.77, நேஷனல் லீகின் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2016 வேர்ல்ட் சீரிஸில் இரண்டாவது ஆட்டமும் ஆறாவது ஆட்டமும் அவர் பெயரில்தான் வெற்றியாகப் பதிவாயின.

எல்லோருக்கும் அரியெட்டா கிடைக்க மாட்டார். ஆனால் இது வெறும் அதிர்ஷ்டமும் அல்ல. ஒரு சீசன் சறுக்கிய பிட்சருக்குச் சம்பளத்தைவிட முக்கியம், ஐந்து நாளுக்கு ஒருமுறை பந்து கையில் வரும் என்ற உறுதி. ஜெயிக்கிற அணி அதைக் கொடுக்காது, தோற்கிற அணி கொடுக்கும். ஜூலை வரும்போது கோப்பைக்குப் போட்டி போடும் அணிகளில் யாருக்காவது தோள்பட்டையோ முழங்கையோ போயிருக்கும்; விலை ஏறும். இரண்டாம் தர பேட்டருக்கு இந்தச் சந்தை இல்லை. 2014-ல் கப்ஸ் ஜேசன் ஹாமெலை இதேபோல் எடுத்து, ஜூலையில் ஜெஃப் சமார்ட்ஜாவோடு சேர்த்து ஓக்லாந்துக்கு அனுப்பி அடிசன் ரஸ்ஸலை வாங்கியது. அந்தக் குளிர்காலத்திலேயே ஹாமெலைத் திரும்பவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. 2024-ல் 121 ஆட்டங்கள் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ்கூட, கொரியாவிலிருந்து இரண்டு வருடம் 1.5 கோடிக்குக் கொண்டுவந்த எரிக் ஃபெட்டியை ஜூலையில் இன்னும் இரண்டு வீரர்களோடு சேர்த்துக் கைமாற்றி மிகேல் வார்காஸ் உட்பட மூன்று இளைஞர்களை வாங்கியது.

கெட்டுப்போவது ஒப்பந்தம் நீளும்போதுதான். ஃபெல்ட்மனை எடுத்த அதே குளிர்காலத்தில், அதே அலுவலகம் எட்வின் ஜாக்சனுக்கு நான்கு வருடம், 5.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 2013-ல் அவர் 8 வெற்றி, 18 தோல்வி. வாங்க ஆள் இல்லை. 2015 ஜூலையில் மிச்சச் சம்பளத்தோடு விடுவித்தார்கள். ஃபெல்ட்மன் கதையிலும் இரண்டாம் பாகம் உண்டு. அடுத்த குளிர்காலத்தில் அவரை மூன்று வருடம், 3 கோடி என்று எடுத்தது ஆஸ்ட்ரோஸ். மோசமாக ஆடவில்லை. ஆனால் மூன்றாம் வருடம் டொரண்டோவுக்கு அனுப்பியபோது கிடைத்தது மைனர் லீக் பிட்சர் ஒருவர்தான்.

அடுத்தது, மற்ற அணியின் சுமையை வாங்கிக்கொண்டு கூடவே ஒரு இளைஞரையும் கேட்பது. காகிதத்தில் இதைவிட அழகான திட்டம் கிடையாது. 2015 ஜூனில் அட்லாண்டா பிரேவ்ஸ், முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்த பிரான்சன் அரோயோவின் சுமார் 1 கோடி டாலர் பாக்கியை அரிசோனாவிடமிருந்து ஏற்றுக்கொண்டது. கூட வந்தவர் 2014 டிராஃப்டின் 16-வது தேர்வு டூக்கி டூசான். 2019 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், ஏஞ்சல்ஸ் தலையில் இருந்த ஸாக் கோஸார்ட்டின் ஒப்பந்தத்தை ஏற்று, அந்த வருடத்து 15-வது தேர்வான வில் வில்சனை வாங்கியது. அடுத்த மாதமே கோஸார்ட்டை விடுவித்துவிட்டது. டூசான் அட்லாண்டாவில் நிலைக்கவில்லை. வில்சன் ஜயன்ட்ஸுக்காக மேஜர் லீகில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. காசை மிச்சம் பிடிக்க ஒரு பையனைக் கொடுக்கத் துணிகிற அணிக்கு அவனைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். வேறு வழியில்லாத வருடத்தில் செய்யலாம். நம்பி உட்கார முடியாது.

சொந்தப் பையன்களை முன்கூட்டியே நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவதற்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். கப்ஸ் 2013 மே மாதம் ஆண்டனி ரிஸ்ஸோவுக்கு ஏழு வருடம், 4.1 கோடி. அதே ஜூலையில் ஆஸ்ட்ரோஸ் ஹோசே அல்டுவேக்கு நான்கு வருடம், 1.25 கோடி, மேலே இரண்டு வருடம் நீட்டிப்பது அணியின் விருப்பம். 2017-ல் அமெரிக்கன் லீகின் மிக மதிப்புள்ள வீரர் அவர்தான். (வீரர் பக்கம் நின்று பார்த்தால் இது வயிற்றெரிச்சல். அது வேறு விவாதம்.) தோற்றாலும் நஷ்டம் சிறியது: ஒரு மேஜர் லீக் ஆட்டமும் ஆடாத ஜான் சிங்கிள்டனுக்கு ஆஸ்ட்ரோஸ் 2014-ல் கொடுத்தது ஐந்து வருடத்துக்கு 1 கோடி, அவர் அப்போது தேறவில்லை. ஸ்டார்லின் காஸ்ட்ரோவின் ஏழு வருட 6 கோடி ஒப்பந்தம் நடுத்தரம்தான். ஆனால் 2015 டிசம்பரில் யாங்கீஸ் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. அந்த இடத்துக்கு வந்த பென் ஸோப்ரிஸ்ட் 2016 வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர். இந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் சம்பளம் வருடா வருடம் ஏறும். கணக்குப் புத்தகம் காலியாக இருக்கும் முதல் வருடங்களிலேயே அதிகத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் குறைத்தால் என்ன? உபரிப் பணத்தை எதிர்காலத்துக்கு எடுத்துப்போக இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

பெரிய நட்சத்திரத்தை வாங்குவது நேரத்தைப் பொறுத்தது. கப்ஸ் ஜான் லெஸ்டருக்கு 15.5 கோடி கொடுத்தது 2014 டிசம்பரில்: ரிஸ்ஸோ நிலைத்துவிட்டார், அரியெட்டா மலர்ந்துவிட்டார், கிரிஸ் பிரையன்ட் மைனர் லீகில் வாசலில் நிற்கிறார். 73 வெற்றி அடுத்த வருடம் 97 ஆனது. டெட்ராய்ட் 2021-ல் இதே நம்பிக்கையில் ஹாவியர் பாயெஸுக்கு ஆறு வருடம், 14 கோடி கொடுத்து, அடுத்த சீசனில் 96 ஆட்டம் தோற்றது. எந்தப் பந்தையும் விடாமல் துரத்துகிற பேட்டருக்கு நான் ஆறு வருடம் எழுத மாட்டேன். 2023-ல் 106 ஆட்டம் தோற்ற கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் நடுவழி எடுத்தது: பாபி விட் ஜூனியரை 11 வருடம், 28.88 கோடிக்குக் கட்டிப்போட்டு, அவரைச் சுற்றி சேத் லூகோ, மைக்கேல் வாக்கா போன்ற நடுத்தர விலை பிட்சர்களை வைத்தது. 2024-ல் 86 வெற்றி, பிளே ஆஃப்.

என் கையில் 4 கோடி டாலர் இருந்தால், 1.5 கோடியை இரண்டு மூன்று ஒரு வருட பிட்சர்களுக்கும், 1.5 கோடியை வீட்டுப் பையன்களின் ஒப்பந்தத்து முதல் வருடங்களுக்கும் போடுவேன். மீதி 1 கோடியை ஜூலை வரை தொடமாட்டேன். அனுப்புகிற வீரரின் மிச்சச் சம்பளத்தை நாமே ஏற்றுக்கொண்டால், பதிலுக்கு இன்னும் நல்ல இளைஞரைக் கேட்கலாம். 2023 ஜூலையில் நியூயார்க் மெட்ஸ் மேக்ஸ் ஷெர்ஸரை டெக்சஸுக்கு அனுப்பும்போது சுமார் 3.5 கோடி டாலரையும் சேர்த்தே அனுப்பி, லூயிஸ்ஆங்கெல் அக்குன்யாவை வாங்கியது. சுமை ஏற்கும் வியாபாரத்தில் தள்ளிவிடும் அணி எந்தப் பையனைக் கழிக்கலாம் என்று பார்க்கும். இங்கே வீரரை வேண்டும் என்று கேட்டு வருவது அவர்கள். எந்தப் பையன் வேண்டும் என்று விரல் நீட்டுவது நாம்.