ஃபாக்ஸ்ஃபயர்: முதியோர் பேச்சை இலக்கியமாகக் கொண்ட பள்ளி இதழ்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில் உள்ள ரேபன் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), 1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ‘ஃபாக்ஸ்ஃபயர்’ என்னும் இதழ் இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க நாட்டார் வாழ்வையும் வட்டார வரலாற்றையும் ஆதாரமாகக் கொண்டு இலக்கிய இதழ் நடத்த விரும்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. தொடக்க கால இதழ்கள் எளிதில் கைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே அவற்றிலிருந்து தொகுக்கப்பட்டு, 1972இல் டபுள்டே பதிப்பகத்தின் ஆங்கர் வரிசையில் வெளிவந்த முதல் தொகுதியை முன்வைத்தே இம்மதிப்புரை அமைகிறது.

இதழ் பிறந்த விதம் தொகுதியின் முன்னுரையிலேயே சொல்லப்படுகிறது. 1966இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து வந்த எலியட் விக்கின்டன் என்ற இளம் ஆசிரியர், ரேபன் கேப்-நகூச்சி பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினார். பாடத்தில் எவருக்கும் நாட்டமில்லை. ஆசிரியர் நின்று பேசும் மேசைக்கே மாணவர் ஒருவர் நெருப்பு வைக்கும் அளவுக்கு வகுப்பு கைமீறிப் போயிருந்தது. பாடநூலை ஒதுக்கிவிட்டு இதழ் ஒன்றைத் தொடங்கலாமா என்று அவர் கேட்டதும் மாணவர்கள் முன்வந்தனர். அச்சுச் செலவுக்கு ஊர்க்காரர்களிடமே நன்கொடை திரட்டினர். மலைக்காட்டில் மட்கும் மரங்களின் மீது இருளில் ஒளிரும் ஒருவகைப் பூஞ்சையின் பெயரை இதழுக்குச் சூட்டினர்.

முதல் இதழில் கவிதைகளும் கதைகளும் இருந்தன. அவற்றுடன் மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கைவைத்தியக் குறிப்புகளும், நம்பிக்கைகளும், கிளேட்டன் நகர வங்கியில் நடந்த கொள்ளையைப் பற்றி ஷெரீப்பாக (கவுண்டியின் காவல் தலைவராக) இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சொன்ன நினைவுகளும் இடம்பெற்றன. அடுத்தடுத்த இதழ்களில் இந்த இரண்டாம் வகை எழுத்தே வளர்ந்து, முதல் வகையை மெல்ல ஓரத்துக்குத் தள்ளியது. இலக்கிய இதழ் ஒன்று தன் இலக்கியப் பகுதியை இழந்துவிட்டதாக இதைக் கருதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதியோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதன் இழுப்பும் தயக்கமும் உள்ளூர் உச்சரிப்பும் கெடாமல் அச்சில் ஏற்றியபோதுதான் இந்த இதழ் தனக்குரிய இலக்கியத்தைக் கண்டடைந்தது.

இதற்குச் சான்றாக, ஆன்ட் ஏரி (ஏரி அத்தை) என்று எல்லோரும் அழைத்த ஏரி கார்ப்பென்டரைப் பற்றிய அத்தியாயம் ஒன்றே போதும். மாநில எல்லை தாண்டி வட கரோலினாவில், தாமும் கணவரும் வாழ்ந்த மரவீட்டில், கணவர் இறந்த பின் தனியே வாழ்ந்துவந்த மூதாட்டி அவர். மாணவர்கள் போய்ச் சேரும்போது, சமைப்பதற்காக வைத்திருந்த பன்றித் தலையிலிருந்து கண்களை அகற்றுவதற்குப் போராடிக்கொண்டிருக்கிறார். வந்தவர்களும் அந்த வேலையில் கைகொடுக்கிறார்கள். கத்தி வழுக்க வழுக்கப் பேச்சும் நடக்கிறது. சமையல், தோட்டம், கிணறு, கடவுள், தனிமை என்று அது எங்கெங்கோ சென்று திரும்புகிறது. பேட்டி கண்டவர்கள் தங்களை மறைத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய அருவருப்பும் சிரிப்பும் அன்பும் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. நாட்டார் வாழ்வைப் பதிவு செய்கிறோம் என்ற பெயரில் முதியவர்களை அருங்காட்சியகப் பொருள்களாக்கிவிடும் எழுத்துகளைப் படித்துச் சலித்தவர்களுக்கு, ஒரு மனுஷியின் எதிரே உட்கார்ந்திருக்கும் உணர்வை இந்தப் பக்கங்கள் தரும்.

தொழில் சார்ந்த அத்தியாயங்களின் வலிமை வேறு வகையானது. மரக்கட்டைகளைச் செதுக்கி மூலைகளில் பொருத்தி வீடு எழுப்புவது, புகைபோக்கி கட்டுவது, வெள்ளை ஓக் மரத்தை நாராகக் கிழித்துக் கூடை முடைவது, சாம்பல் நீர் வடித்துச் சோப்புக் காய்ச்சுவது ஆகியவை வரைபடங்களோடும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களோடும் படிப்படியாக விளக்கப்படுகின்றன. சந்திரன் எந்த ராசியில் நிற்கிறது என்று பார்த்து விதைக்கும் வழக்கம் பற்றிய பகுதியில், அதை நம்புகிறவர்களோடு நம்பாதவர்களின் குரலையும் சேர்த்திருப்பது நல்ல பதிப்பாசிரியப் பண்பு. கள்ளச் சாராயம் காய்ச்சும் முறையைக்கூட ஒரு கைத்திறனாக மதித்து எழுதியிருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கைவைத்தியப் பகுதியில் குறிப்புகள் நோய்வாரியாக அடுக்கப்பட்டிருப்பதால், எதை யார் சொன்னார் என்று தனித்தனியே அறிவது கடினம். வரலாற்று ஆவணமாகப் பயன்படுத்த நினைப்பவருக்கு இது பெரிய இழப்பு. (அந்த வைத்தியங்களைப் படிக்கலாம், கடைப்பிடிக்கக் கூடாது.) 1838இல் இம்மலைகளிலிருந்து பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டதன் சுவடு இத்தொகுதியில் மிகக் குறைவு. கறுப்பினக் குடும்பங்களின் குரலும் அவ்வாறே. மலைநாடு என்றால் வெள்ளையர் குடியேற்றம் மட்டுமே என்ற எண்ணத்தோடு வாசகர் புத்தகத்தை மூடிவிடக்கூடும். மாணவர்கள் தங்களுக்கு அறிமுகமான வீடுகளின் கதவைத்தான் முதலில் தட்டினார்கள் என்பது காரணமாக இருக்கலாம். ஆயினும் இன்று புதிதாக இதழ் தொடங்குகிறவர் முதல் இதழிலிருந்தே இதைச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்றையும் வாசகர் அறிந்தே வாங்க வேண்டும். இதழைத் தொடங்கிய ஆசிரியர், சிறுவன் ஒருவனிடம் பாலியல் குற்றம் இழைத்ததாக 1992இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அத்துடன் ஃபாக்ஸ்ஃபயருடனான அவருடைய தொடர்பு முடிந்தது. மாணவர்கள் பெரியவர்களை நம்பிச் சேர்ந்து உழைப்பதே இந்த இதழின் அடித்தளம் என்பதால், அந்தக் குற்றத்தை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், வீடு வீடாகச் சென்று கேட்டதும், பதிவு செய்ததும், எழுதியதும் மாணவர்கள். அந்த உழைப்பு அவர்களுடையதாகவே நிற்கிறது; அவருக்குப் பின்னும் ஃபாக்ஸ்ஃபயர் நிறுவனம் தொடர்ந்து இயங்குகிறது.

பணம் போன வழியையும் பாராட்ட வேண்டும். தொகுதிகள் பெருமளவில் விற்றுக் கிடைத்த உரிமைத் தொகையைக் கொண்டு 1974இல் அதே கவுண்டியின் மவுன்டன் சிட்டியில் பிளாக் ராக் மலைச்சரிவில் நிலம் வாங்கினர். சுற்றுவட்டாரத்தின் பழைய மரவீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் எழுப்பினர். அவை இன்று ஃபாக்ஸ்ஃபயர் அருங்காட்சியகமாகப் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. கதை சொன்ன ஊருக்கே கதையின் வருமானம் திரும்பிய இத்தகைய ஏற்பாடு இலக்கிய இதழ்களின் உலகில் அரிது.

பன்னிரண்டு எண்ணிட்ட தொகுதிகளையும் ஒருசேர வாங்கத் தேவையில்லை. இலக்கிய நாட்டத்தோடு வருகிறவர்கள் முதல் தொகுதியில் ஆன்ட் ஏரியின் அத்தியாயத்தையும் வேட்டைக் கதைகளையும் படித்துவிட்டு, மருத்துவச்சிகள், ஈமச் சடங்குகள், பேய்க் கதைகள் ஆகியவை இடம்பெறும் இரண்டாம் தொகுதிக்குச் செல்லலாம். கைத்தொழில் ஆர்வலர்களுக்கு, பாஞ்சோ, டல்சிமர் போன்ற இசைக்கருவிகளைச் செய்யும் முறை விளக்கப்படும் மூன்றாம் தொகுதி அதிகம் பயன்படும். இதழ் தொடங்கவே எண்ணியிருப்பவர்கள் முதல் தொகுதியின் முன்னுரையைத் தவறாமல் படிக்க வேண்டும். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டதை ஊருக்கு எவ்வாறு திருப்பிக் கொடுப்பது என்ற மூன்றுக்கும் நடைமுறையில் கண்ட விடை அங்கே இருக்கிறது.