டெபியன் நிறுவல் படிமம்: பழைய நெட்புக் முதல் புதிய மடிக்கணினி வரை

வெவ்வேறு காலத்துக் கணினிகளில் லினக்ஸ் நிறுவுவதற்குப் பல ஆண்டுகளாக டெபியன் என்ற லினக்ஸ் வடிவத்தின் நெட்இன்ஸ்ட் படிமத்தையே (அடிப்படையை மட்டும் தந்து, மற்றவற்றை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் சிறிய கோப்பு) பயன்படுத்தி வருகிறேன். ஒரு ஜிபிக்கும் குறைவான அந்த ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் அப்படியே எழுதினால், கணினியைத் தொடக்கி வைக்கும் பழைய பயாஸிலும் அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐயிலும் அது பூட் ஆகும். 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பமில்லாத மென்பொருள் பூட் ஆவதைத் தடுக்கும் வசதி) அணைக்கவும் தேவையில்லை.

வேலையை உண்மையில் எளிதாக்கியது 2023 ஜூனில் வெளியான 12-ஆம் பதிப்புதான். அதற்கு முன், கட்டற்றதல்லாத (திறந்த உரிமம் இல்லாத) ஃபர்ம்வேர், அதாவது வைஃபை போன்ற வன்பொருள் இயங்கத் தேவையான நிரல், அதிகாரபூர்வப் படிமத்தில் இடம்பெறாததால், வைஃபை மட்டுமே உள்ள மடிக்கணினியில் நிறுவல் நிரல் பாதியில் நின்று, விடுபட்ட கோப்பின் பெயரைத் திரையில் காட்டி, அதை வேறொரு பென்டிரைவில் கொண்டுவரச் சொல்லும். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த நிலையை மாற்றினார்கள். கொள்கைப் பிடிப்புள்ள சிலருக்கு அது வருத்தமே என்றாலும், எனக்கு அதில் குறையில்லை. ஆனால் சில பழைய பிராட்காம் சிப்புகளுக்கான ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லாததால், அவற்றுக்கு இன்றும் ஈதர்நெட் கம்பியோ கைப்பேசியின் யூஎஸ்பி டெதரிங்கோ தேவைப்படுகிறது.

12.1, 12.2 என்று வரும் இடைப்பதிப்புகளிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. அவை பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்த்துத் தருவதால் நிறுவிய பிறகு இறக்க வேண்டியது குறையும். வன்பொருளைக் கையாளும் மையப் பகுதியான கர்னலோ அதே 6.1 வரிசையில்தான் இருக்கும். ஆகவே அந்தக் கர்னலுக்குப் பின் சந்தைக்கு வந்த வைஃபை அட்டையோ கிராஃபிக்ஸோ புதிய இடைப்பதிப்பை எழுதினாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. மற்றொரு லினக்ஸ் வடிவமான உபுண்டு இதில் வேறு வழியில் செல்கிறது: 24.04.2 படிமம் 6.11 கர்னலோடும், 24.04.3 படிமம் 6.14 கர்னலோடும் வந்தன. புத்தம் புதிய மடிக்கணினி என்றால் நான் தயங்காமல் அதைத்தான் எடுக்கிறேன்.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 6.12 கர்னலைக் கொண்டுவந்ததோடு ரிஸ்க்-வி எனும் திறந்த செயலி வகையின் 64 பிட் கட்டமைப்பையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. அதே கையோடு 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவல் நிரலை நிறுத்திவிட்டது. ஆட்டம் என்270 செயலியுள்ள நெட்புக்குகளுக்கு இனி 12-ஆம் பதிப்பின் 32 பிட் படிமமே கதி. டெபியன் 12-க்கான நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூனில் முடியும் என்பதால், அத்தகைய கணினியைக் கொண்டுவருபவரிடம் நிறுவுவதற்கு முன்பே அந்தக் கெடுவைச் சொல்லிவிடுகிறேன்.