கிடையோடு அலைகிறவள் எழுதும் அந்தரா ஊசி ரிவ்யூ

அந்தரா என்கிற கருத்தடை ஊசிக்கு நாலு ஸ்டார். ஊசி போடுகிற ஏற்பாட்டுக்கு இரண்டு, அதுவும் ஒரே ஒரு நர்சுக்காக.

எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம், செம்மறிக் கிடை. தை அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மன்னார்குடி பக்கம் போய், வயலுக்கு வயல் கிடை போட்டு (உரத்துக்காக ராத்திரி ஆடுகளை வயலில் அடைப்பது), மேட்டூர் தண்ணீர் வந்து நாற்று விடுகிற சமயத்தில் வெளியேறுவோம். இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாசம் ஆனபோது, இப்போதைக்கு அடுத்தது வேண்டாம் என்று முடிவு செய்தேன். எல்லாரும் சொல்வது ஆபரேஷன்தான். அதற்குப் பிறகு ஒரு வாரமாவது கனம் தூக்கக் கூடாது, காயத்தைக் காட்டத் திரும்ப வர வேண்டும். மூணு நாளைக்கு ஒரு வயல் மாறுகிறவர்கள் நாங்கள், மாறும்போதெல்லாம் பானை, குட்டிக் கூண்டு, பிள்ளை எல்லாம் என் தலையிலும் இடுப்பிலும்தான்.

வீட்டுக்காரரிடம் ஆண்களுக்கான ஆபரேஷனைக் கேட்டுப் பார்த்தேன். "ஏன், கிடாய்க்குக் காயடிக்கிற மாதிரி எனக்கும் அடிக்கணுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான், ஆனால் பேச்சு அத்தோடு சரி. வருஷா வருஷம் தன் கையாலேயே காயடிக்கிற ஆளிடம், இதில் விதையைத் தொடுவதில்லை, குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள் என்று யார் உட்கார்ந்து சொல்வது? எங்கள் ஆட்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்கள் பக்கம் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது.

அதனால் அந்தரா. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது, சுமக்க எதுவும் இல்லை. ஒரு கார்டு மட்டும் தருவார்கள், அதை ரேஷன் கார்டோடு பாலித்தீன் பையில் சுற்றி அரிசி மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது. ஆட்டுக்குப் பின்னால் நடக்க இன்னொரு பையன் வேண்டும் என்பது அத்தை கணக்கு, சம்பள ஆள் வைத்தால் என்ன செலவு என்று அவருக்குத்தான் தெரியும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடம் கொடுக்கக் கூடாது என்றார்கள். எங்கள் கிடையில் எந்த வலிக்கும் உப்பு ஒத்தடம்தான். கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து அத்தை அடுப்புப் பக்கம் போக, முள் குத்தியது என்று சொல்லித் தப்பித்தேன்.

முதல் மூணு மாசம் அங்கங்கே தீட்டுப் படும், இது நிஜமான தொல்லை. தீட்டு நாளில் குட்டிக் கூண்டுப் பக்கம் போகக் கூடாது எங்கள் வீட்டில், துணி அலச வாய்க்கால் இருக்கிற வயலாகவும் அமைய வேண்டும். இரண்டாவது ஊசிக்குப் பிறகு சுத்தமாக நின்றது. அப்புறம் அத்தைக்கு ஒரே சந்தோஷம், ஒரு வாரம் எனக்குத் தனியாக முட்டை கிடைத்தது! ரத்தம் உள்ளே தங்கிவிடுமோ என்று எனக்கும் பயம் இருந்தது, தங்காது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் தூக்கம் வந்தது. ஊசியை நிறுத்தினாலும் கரு தங்க 7 முதல் 10 மாசம் வரை ஆகலாம் என்பதையும் தெரிந்துகொண்டே போடுங்கள்.

ஏற்பாட்டுக்கு ஏன் இரண்டு? முதல் ஊசி ஊரில் ஜனவரி 28. அடுத்தது ஏப்ரல் 28, அப்போது கிடை டெல்டாவில். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கார்டைப் பார்த்துவிட்டு, "இது உங்க ஊர்க் கார்டு, அங்கேயே போய்ப் போட்டுக்குங்க" என்று வரிசையே திரும்பிப் பார்க்கச் சத்தமாகச் சொன்னார்கள். வரிசையில் எங்களுக்குக் கிடை பேசிவிட்ட வயல்காரர் வீட்டு அம்மாவும் நின்றார். பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பதினோராவது நாள் பஸ் ஏறி வேறு ஒரு நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "நாலு வாரம் வரைக்கும் தள்ளலாம்மா, பதறாதே" என்று கதவைச் சாத்திவிட்டுப் போட்டார். எந்த ஊர் என்று கேட்கவே இல்லை.

அடுத்தது ஆடியில், ஆகஸ்ட் 9. அப்போது கிடை எங்கே இருக்கும் என்று கிடைக்குத் தலைவரான எங்கள் கீதாரி மாமாவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "புல்லு எங்கே இருக்கோ அங்கே" என்றார்.