ஆடியில் பிடித்த இடுப்பும் அசோக் நகர் கைரோபிராக்டிக் கிளினிக்கும்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நின்றபடிதான். இறக்கு, விரி, மடி, திரும்ப அடுக்கு. நான்கு வருடமாக இடுப்புவலி வந்து வந்து போகும். இந்த ஆடித் தள்ளுபடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்த்தட்டிலிருந்து புடவைக் கட்டை எடுக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துத்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, நரம்பு அழுந்தவில்லை, தசைப்பிடிப்புதான் என்று மாத்திரை கொடுத்தார். மூன்று வாரமாகியும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். கால் முன்னே வந்து பிறந்தவர் யாரையாவது கூட்டி வந்து மிதிக்கச் சொல்லட்டுமா என்றார் மாமியார். முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் தள்ளிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை பற்றி பில் போடும் பெண்தான் சொன்னாள்.

முதலில் போன இடம் எனக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்ததுமே 24 முறைக்குச் சேர்த்துப் பணம் கட்டச் சொன்னார்கள். வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்றார்கள். வலி எங்கே என்பதை அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்துப் போனது அசோக் நகரில் இருக்கும் சின்ன கிளினிக். ஒருவரே நடத்துகிறார், என்னைவிடச் சின்னவர். முதல் அரை மணி நேரம் முழுக்கக் கேள்விதான். சிறுநீர் அடக்க முடிகிறதா, தொடை இடுக்கில் மரத்துப் போகிறதா, நடக்கும்போது பாதம் தொய்கிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா? “இதில் ஒண்ணுக்கு ஆமான்னு சொன்னாலும் நான் கை வைக்க மாட்டேன் அக்கா, நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்” என்றார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து வெடுக்கென்று ஒரு தள்ளு. ‘டொக்’ என்றது. பயந்துவிட்டேன். எலும்பு நகர்ந்த சத்தம் இல்லையாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும் சத்தம், விரலில் சொடக்கு எடுக்கிற மாதிரிதான் என்றார். உதவிக்கு ஒரு பெண் முழு நேரமும் கூடவே நின்றார். கழுத்தில் கை வைக்க வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான், ஆனால் வந்திருக்கிறது. அவரும், உங்களுக்கு அது தேவையே இல்லை என்றார்.

இது அமெரிக்காவில் 1895-ல் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கிய முறை. முதுகெலும்பைச் சரிசெய்து ஒருவருக்குக் காது கேட்க வைத்ததாக அவர் சொன்னார். அதை நான் நம்பவில்லை. சர்க்கரையும் தைராய்டும் இதில் குணமாகும் என்று யார் சொன்னாலும் நீங்களும் நம்பாதீர்கள். ஆனால் நாள்பட்ட இடுப்புவலிக்கு, உடற்பயிற்சி முதலான வழிகளோடு முதுகெலும்பைக் கையால் இப்படித் தள்ளும் சிகிச்சையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லியிருக்கிறது. இடுப்பு பெல்ட் வேண்டாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. நான் வாங்கிய பெல்ட் பீரோவுக்குள் போய்விட்டது.

முதல் முறைக்கு மறுநாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். மொத்தம் ஐந்து முறை போனேன். ஐந்தாவது முறை, “இனிமே வர வேண்டாம், பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க” என்று அவரே சொல்லிவிட்டார். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது, கை கால் ஊன்றிப் பூனை மாதிரி முதுகை வளைப்பது, இரண்டும் தினமும் செய்கிறேன். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ஆகாய நடைபாதையில் ஏறி பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி, அப்புறம்தான் கடைக்குள் நுழைகிறேன். புடவைக் கட்டை எடுக்கும்போது குனியாமல் உட்கார்ந்து, மார்போடு அணைத்துத் தூக்குகிறேன்.

அவர் கேட்டதில் ஒன்று மறக்கவே இல்லை. “கடையில உட்காருவீங்களா அக்கா?” கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் பிரிவிலும் ஸ்டூல் இருக்கிறது. அதன் மேல் எப்போதும் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். அதை எடுத்துக் கீழே வைக்க இத்தனை வருடமாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாளே வைத்தேன். சூப்பர்வைசர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கூட்டம் இல்லாத நேரத்தில் நாங்கள் நாலு பேரும் மாற்றி மாற்றி உட்காருகிறோம். நிற்கும்போது ஒரு காலை மட்டும் சின்னப் பலகையில் வைத்து, கால் மாற்றிக்கொள்கிறேன்.

குறையும் உண்டு. கிளினிக் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இடுப்பு பிடித்தவர்கள் வரும் இடத்தில் இது பெரிய குறை. காத்திருக்கும் சோபா பள்ளமாக அமுங்குகிறது, எழ முடியவில்லை, பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கினேன். முதல் நாள் 1,500 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு முறையும் 1,000. என் சம்பளத்துக்கு அதிகம்தான். மருத்துவர்களுக்கு இருப்பது போன்ற கவுன்சில் நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கு இல்லை. அதனால் எங்கே போனாலும் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன், அவர் சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றியே காட்டினார்.

கிளினிக் பெயர் வேண்டும் என்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் போகாதீர்கள், நாற்பது நிமிடம் காத்திருந்தேன். வார நாளில் மதியம் போனால் உடனே பார்த்துவிடலாம்.